மதீரா மகாதேவனின் மனைவி

தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மகாதேவன் வீடு எது என்று கேட்டால், "எந்த மகாதேவன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். மதீரா மகாதேவன் என்றால் பால் பூத்காரன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவான். அப்படி ஒரு பட்டப்பெயர் வாங்க ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? அட்லாண்டிக் கடலுக்கு நடுவில், போர்ச்சுகல்காரர்களுக்குச் சொந்தமாக, மதீரா என்று ஒரு மலைத்தீவு இருக்கிறது. அங்கே ஒரு மாநாட்டுக்கு சர்க்கார் செலவில் ஒரு வாரம் போக வேண்டும். ஓட்டலை விட்டு வெளியே கால் வைக்காமல் திரும்பி வர வேண்டும். வந்த பிறகு தெரு முழுக்க அந்தத் தீவைப் பற்றி யோசனை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் வெளியே கால் வைக்கவில்லை என்பது தில்லியில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் மனைவி காமாக்ஷி. வங்கியில் குமாஸ்தா. தன் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடப் போனவள்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், மே மாதம். மகாதேவனின் பெட்டியில் சட்டை கொஞ்சம், சரக்கு அதிகம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், கரோல் பாக்கில் வாங்கிய சின்ன எலக்ட்ரிக் குக்கர். "அங்கே எல்லாத்துலயும் மீனைப் போட்டுடுவா, ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். எப்படித் தெரியும் என்று காமாக்ஷி கேட்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்வியை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

மாநாடு ஓட்டலின் கீழ்த்தளத்தில். காலையில் மனிதர் லிப்டில் இறங்குவார், சாயங்காலம் லிப்டில் ஏறுவார். ஏறியதும் வேஷ்டிக்கு மாறி, குளியலறையில் குக்கரை வைப்பார். ஜன்னலுக்கு வெளியே கடல் அதுபாட்டுக்குக் கிடந்தது. "தெரியாத ஊர்ல சுத்தப்படாது" என்பார். தெரிந்த ஊரான தில்லியிலேயே ஆபீஸ் சார்ட்டர்ட் பஸ்ஸை விட்டால் வேறெதிலும் ஏறத் தெரியாத மனிதர்.

காமாக்ஷி முதல் நாளே கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பஸ் வந்தது, நிற்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. கையை நீட்டினால்தான் நிறுத்துவார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் சைகையில் காட்டினார். மூன்றாவது பஸ் நின்றதும் அவள் என்ன செய்தாள்? தில்லி டி.டி.சி. பஸ்ஸில் பின்னால் ஏறி ஏறிப் பழகிய கால், பின்வாசலைப் பார்த்து ஓடியது. வாசல் திறக்கவில்லை. தட்டினாள். டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, முன்னால் வரும்படி கையைக் காட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே போய் முன்வாசலில் ஏறினாள்.

அன்று மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. உட்காரும் முன்பே மேஜையில் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தார்கள். என்ன உபசாரம் என்று நெகிழ்ந்து தின்றாள். பில்லில் ரொட்டிக்கும் விலை போட்டிருந்தது. வேண்டாம் என்றால் தொடாமல் தள்ளி வைத்துவிட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். மறுநாள் வேறொரு கடையில் சமையல்காரியையே கூப்பிட்டு, மெனு அட்டையில் மீன் படத்தையும் மாட்டுப் படத்தையும் காட்டி, வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் யோசித்துவிட்டு ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோளமாவைக் கிளறி, ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரித்தது. நம்மூர் உப்புமாவுக்குத் தூரத்துச் சொந்தம். வாயில் போட்டதும் காமாக்ஷிக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது. ஆயுசில் முதல் தடவையாக, யாருக்கும் பரிமாறாமல், தனக்கென்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

கம்பிவட வண்டியில் தொங்கிக்கொண்டு மலையுச்சிக்குப் போனாள். இறங்க, பிரம்புக்கூடை போன்ற ஒரு சறுக்குவண்டி. வைக்கோல் தொப்பி போட்ட இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளிவிட, சக்கரமே இல்லாத அந்தக் கூடை சரிவான தார் ரோட்டில் சர்ரென்று பாய்ந்தது. காமாக்ஷி "ஐயோ ஐயோ" என்று கத்தினாள், பயத்தினால் இல்லை. புடவைத் தலைப்பு எங்கோ, செருப்பு ஒன்று எங்கோ. வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். அவர் பருப்புப்பொடி சாதத்தைப் பிசைந்தபடி "ம்" கொட்டினார். காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். கேட்கத்தான் கேட்டார், திருட வந்தவன் வீட்டை நோட்டம் பார்க்கிற மாதிரி.

கடைசி நாள்தான் உச்சம். குக்கரில் சாதத்தை வழித்துவிட்டு, அதே பாத்திரத்தில் எண்ணெய் விட்டு மோர்மிளகாய் வறுத்திருக்கிறார் மனிதர். அந்த நெடிக்கு ஓட்டலின் தீ அபாய மணி அலறியது. கடைத்தெருவிலிருந்து திரும்பிய காமாக்ஷி எதிர்ப்பக்கத்து மதிலருகே நின்று பார்த்தாள். தோட்டம் முழுக்கத் துண்டும் அங்கியுமாக வெள்ளைக்காரர்கள். இருமிக்கொண்டிருக்கும் தீயணைப்புக்காரர்கள். நடுவில் வேஷ்டியும் பூணூலுமாக அவள் கணவர், இடுப்பில் கை வைத்து, ஓட்டலின் ஒயரிங் சரியில்லை என்று ஆங்கிலத்தில் அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். அன்று போகவில்லை. மதில்மேல் உட்கார்ந்து, சந்தையில் வாங்கிய பழத்தை மெதுவாகத் தின்று முடித்தாள். அந்த மனிதரிடம் அவளுக்கு மிச்சமிருந்த மரியாதை அந்தப் பழத்தோலோடு குப்பைத்தொட்டிக்குப் போயிற்று.

திரும்பி வரும் விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரரிடம், "பஸ்ஸுக்குக் கையை நீட்டணும் சார், நான் முதல் நாளே கண்டுபிடிச்சேன்." ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பொண்டாட்டியுடையதுதான்.

தில்லிக்கு வந்தபின் கேட்க வேண்டுமா? கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். சரோஜினி நகரில் கேட்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டு சேஷன் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பார். பேச்சு நடுவில் விஷயம் தீர்ந்துபோனால் மகாதேவன் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏண்டி, அந்தச் சோளமாவு ஐட்டம் பேரு என்ன?" என்பார், ஏதோ தனக்கு நாக்கு நுனியில் நிற்பதுபோல. காமாக்ஷி உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பாள். தீ அபாயக் கதையும் உண்டு. "பெரிய ஃபயர் சார். நான்தான் எல்லாரையும் நிதானமா இறக்கிக் கூட்டிண்டு வந்தேன்." அதைக்கூட அவள் சகித்தாள்.

சகிக்க முடியாதது ஒன்று இருந்தது. சறுக்குவண்டிக் கதையின் முடிவில் அவர் தவறாமல் சிரித்துக்கொண்டு சொல்வார்: "நான் ஜம்முனு இறங்கிட்டேன். காமாக்ஷிதான் பயந்துண்டு வரமாட்டேன்னுட்டா." எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் சண்டை போட, எதிராளியைக் கொஞ்சமாவது மதிக்க வேண்டும்.

அவர் ரிடையரானதும் தில்லியிலேயே ஜனக்புரியில் வாங்கியிருந்த ஃப்ளாட்டுக்குக் குடிபோனார்கள். மதீராவும் கூடவே லாரியில் ஏறி வந்தது. ஜனக்புரித் தமிழர்கள் புதிய காதுகள்.

இரண்டாயிரத்து ஆறு, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் ஜ்யோத்ஸ்னா காலையில் போன் செய்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண், பாதி ஹிந்தியில்தான் பேசுவாள்.

"அம்மா, ஏப்ரல்ல எனக்கு சுட்டி, லீவு. மதீரா போலாம், நீங்க தோனோ, ரெண்டு பேரும் வாங்கோ. டிக்கெட் நான் போடறேன். ஜல்தி சொல்லு, நாளைக்கு புக்கிங் பந்த் ஆயிடும்."

காமாக்ஷிக்கு அந்தச் சோளமாவு வில்லைதான் முதலில் ஞாபகம் வந்தது. அந்தக் கடையின் சமையல்காரி இன்னும் இருப்பாளா? வாயைத் திறப்பதற்குள் மகாதேவன் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம்மா. நாங்கதான் பார்த்தாச்சே. அங்கே புதுசா என்ன இருக்கு?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். காமாக்ஷியின் கை ரிசீவருக்காக நீட்டியபடி நின்றது. பிறகு இறங்கியது.

"சாயங்காலம் எனக்கு லெக்சர் இருக்கு. சட்டையை இஸ்திரி பண்ணி வை" என்றார்.

லெக்சர், தமிழர் சங்கத்தில். சங்கத்துச் செயலாளர் சிவஞானம் ராணுவத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர், திருநெல்வேலிக்காரர். அவரும் மனைவியும் அடுத்த மாதம் லிஸ்பனில் இருக்கும் மகனிடம் போகிறார்கள், அங்கிருந்து மதீராவுக்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. சின்ன ஹாலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. காமாக்ஷி முதல் வரிசையில், எடுத்துக் கொடுக்க வசதியாக.

மகாதேவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வடக்குப்பக்கம் மழை, தெற்குப்பக்கம் வெயில், ஸ்வெட்டர் முக்கியம் என்பதுவரை சரியாகத்தான் போயிற்று. நான்கு வருஷமாய்ச் சொல்லிச் சொல்லிச் சரக்கு கொஞ்சம் கலைந்துபோயிருந்தது போலிருக்கிறது.

"ஓட்டல்ல உட்கார்ந்ததும் ரொட்டி வைப்பா. அது ஃப்ரீ. தாராளமா சாப்பிடலாம். பஸ்ல பின்வாசல்லதான் ஏறணும். முன்னால போனா டிரைவர் திட்டுவான்."

சிவஞானம் மும்முரமாகத் தலையாட்டினார். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்று எழுந்தார். "என் வீட்டுக்காரிக்கு முட்டுவலி. அந்தச் சறுக்குவண்டி அடிவாரம் வரைக்கும் கொண்டு விட்டுருமா? இல்ல நடக்கணுமா?"

மகாதேவன் புன்னகைத்தார். புன்னகையோடு முதல் வரிசையைப் பார்த்தார். "ஏண்டி, அது எங்கே முடியும்?" என்றார் சாதாரணமாக.

காமாக்ஷி அவரைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஏண்டி?"

ஹாலில் மின்விசிறி ஓட வேண்டாத பிப்ரவரிக் குளிர். மகாதேவனின் நெற்றியில் வியர்வை. "அடிவாரம் வரைக்கும்தான். நேரா ஓட்டல் வாசல்லயே கொண்டு விடுவான்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள் காமாக்ஷி. இந்த மனிதர் நாறட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் சிவஞானத்தின் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டு, "அப்ப சரி, நானும் ஏறலாம்" என்று நிம்மதியாய்ச் சொன்னது காதில் விழுந்தது. காமாக்ஷி எழுந்து நின்றாள்.

"ஏறுங்கோ மாமி, கட்டாயம் ஏறுங்கோ. ஆனா பாதி மலையிலேயே இறக்கி விட்டுடுவா. அங்கேருந்து ரோடு செங்குத்தா இறங்கும், நடந்தா உங்க முட்டி போயிடும். டாக்ஸி நிக்கும், அதிலே போயிடுங்கோ. ரொட்டி ஃப்ரீ இல்லை, தொட்டா காசு. பஸ்ல முன்வாசல்லதான் ஏறணும். நான் பின்வாசலைத் தட்டிண்டு நின்னிருக்கேன்."

"நீங்களா? நீங்க பயந்துட்டு ஏறவே இல்லன்னு சார் சொன்னாரே?" என்றார் சிவஞானம், குழம்பிப்போய்.

"நான் ஏறினேன். அவர் ஓட்டலை விட்டு வெளியிலேயே வரலை. ரூம்ல மோர்மிளகாய் வறுத்து மணி அடிக்க வெச்சார். அந்தக் கதையை அவர்கிட்டயே கேளுங்கோ, நன்னா சொல்லுவார்."

முதலில் சேஷன் சிரித்தார், அந்த சரோஜினி நகர் சேஷன், இதற்கென்றே பஸ்ஸும் புது மெட்ரோவுமாக மாறி வந்திருந்தவர். பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. மேடைமேல் மகாதேவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஓட்டல் தோட்டத்தில் நின்ற அதே மாதிரி. அவளுக்குப் பரிதாபம் வரவில்லை. வரும் என்று ஒரு நிமிஷம் காத்துக்கூடப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே போனை எடுத்தாள்.

"ஜ்யோத்ஸ்னா, எனக்கு டிக்கெட் போடு. எனக்கு மட்டும்."

"அப்பா?"

"அப்பா பார்த்தாச்சாம்."

மகாதேவன் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பரணைப் பார்த்தபடி, சமாதானம்போல ஒன்று சொன்னார்: "அந்தக் குக்கரை வேணா எடுத்துண்டு போறியா?"

காமாக்ஷி ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து குக்கரை எடுத்து, தூசி தட்டி, அவர் பக்கத்தில் சோபாமேலேயே வைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். ஏப்ரல்ல உங்களுக்குத்தானே வேணும்?"