பொத்தானுக்கு இடப்புறம்

காலை பத்து மணிக்குத் தகவல் வந்தது. குத்துக்கல்வலசையில் தளவாய் மாமா காய்ச்சலில் போய்விட்டார். சொல்ல வந்தவர் அவருடைய அண்ணன், என் பெரிய மாமா சிவனணைந்தபெருமாள். ஆள் அனுப்பாமல், சாரலில் நனைந்தபடி அவரே தென்காசிக்கு நடந்து வந்திருந்தார்.

போன மாதம்வரை இருவருக்கும் பேச்சில்லை. சென்ற வருடம், 1938 ஆவணியில், பெரிய மாமா வீட்டுக் கல்யாணம். வாசலில் நின்று அவர் நீட்டிய சந்தனக் கிண்ணத்தைத் தளவாய் மாமா தொடாமல் கடந்து போனார். ஊரே பார்த்தது.

தளவாய் மாமாவின் வலக்கண் சிறுவயதில் முள் குத்திப் போனது. இடக்கண்ணும் அந்த ஆண்டு மங்கியதால், கல்யாணத்துக்குப் பிறகு டாக்டர் நயினாரிடம் கூட்டிப் போனேன். கண்ணின் உள்திரையில் அழற்சி என்றார். சுவரில் கறுப்புத் துணி, அதன் நடுவே வெள்ளைப் பொத்தான். கறுப்புக் குச்சியின் நுனியில் சிறு வெள்ளை மணி. பொத்தானை விட்டுப் பார்வையை எடுக்காமல், மணி எங்கே மறைகிறது என்று சொல்ல வேண்டும். மறைந்த இடங்களை டாக்டர் சாக்கட்டியால் இணைத்தார். பொத்தானுக்கு இடப்புறம் ஆள் முகம் அளவுக்கு ஒரு வட்டம்.

"அங்கன இருட்டா இருக்கா, மாமா?"

"இருட்டும் இல்ல மருமவனே. துணி துணியாத்தான் இருக்கு. மணியத்தான் காணல."

ஒரு கண், தனக்குத் தெரியாததைத் தன்னிடமே மறைக்குமா? நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா வேறொன்றை யோசித்தார். "அப்ப அண்ணன் அதுக்குள்ளதான் நின்னிருக்காரு."

வட்டம் பெருகுகிறதா என்று பார்க்க மறுபடி வரைய வேண்டும் என்றார் டாக்டர். போன மாதம் அந்தத் துணியைக் கேட்டு வாங்கி, பெரிய மாமா வீட்டுக்கே தளவாய் மாமாவைக் கூட்டிப் போனேன்.

"பொய்க்குத் திரை வேற கட்டுதியோ? காலேஜுல இதத்தான் படிச்சியா?" என்ற பெரிய மாமா குச்சியைப் பிடுங்கித் தானே நகர்த்தினார். நான் கோடு போட்டேன். மேல்பாதி முடிந்தது.

"நடிக்கான்லே."

குச்சியைக் கீழே வைத்தார். மணி மறைந்த இடத்தில் தன் முகத்தை வைத்து, கண்களைச் செருகி, நாக்கைத் துருத்தினார். பள்ளிக்கூடத்தில் இந்த மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தே தளவாய் மாமா பிரம்படி வாங்குவாராம்.

அவரோ பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "மணிய எடுத்துட்டியளா அண்ணே? ஒண்ணும் வரலியே."

பெரிய மாமா நாக்கை உள்ளே இழுக்கச் சற்று நேரமானது. பிறகு உள்ளே பார்த்து, "ஏட்டி, ரெண்டு இலை போடு," என்றார்.

மீதியைச் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று எழுந்தார்கள். சாப்பிட்டதும் இருவரும் பேசிக்கொண்டே வயல் பக்கம் போய்விட்டார்கள்.

துணி என்னிடம் இருக்கிறது. கீழ்ப்பாதிக்குக் கோடு போடவில்லை.