இரண்டு கோட்டைகளும் ஒரு கிட்டங்கியும்

வற்றல் மிளகாயின் நெடியும் பழைய புத்தகத்தின் மக்கிய வாடையும் கலந்து மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும். எனக்கு ஐரோப்பிய அரண்மனைகள் நினைவுக்கு வரும். திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் அப்பா வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்துவந்தார். சில்லறைக்கு வருகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டப் பழைய தாள்களை எடைக்கு வாங்கிப் போடுவார். ஒரு முறை, யாரோ பங்களாவைக் காலி செய்தபோது கழித்துவிட்ட ஆங்கிலப் புத்தகங்களும் அந்தக் கட்டுகளோடு வந்தன. அவற்றில் தடிமனான ஒன்றை, பொட்டலமாகிப் போவதற்குள் என் அக்கா காந்திமதி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டாள். அட்டையும் முதல் சில தாள்களும் கிழிந்துபோயிருந்ததால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஓர் ஐரோப்பிய ராஜகுடும்பத்தில் பிறந்த அக்காள் தங்கை இருவரைப் பற்றிய சரித்திர நாவல் என்பது மட்டும் தெரிந்தது.

அக்கா அப்போது பெண்கள் கல்லூரியில் சரித்திரம் பி.ஏ. கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு ஆரியசாலையில், கடைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அந்த வருடம் 'எடவப்பாதி' எனப்படும் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டியதால் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமில்லை. அப்பா விளக்கு வைக்கும் நேரத்துக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். மின்சாரம் போய்விடும். அம்மை அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துவிட்டுத் தோசை வார்ப்பாள். அந்த வெளிச்சத்தில்தான் அக்கா அன்று பகலில் படித்த பக்கங்களைத் தமிழில் எங்களுக்குச் சொல்வாள்.

கதையில் எலினோரா மூத்தவள், மார்கரெட் இளையவள். எலினோராவுக்கு லத்தீன் வரும், வானத்து நட்சத்திரங்களின் பெயரெல்லாம் தெரியும். அவளுடைய தகப்பனாருக்கும் பக்கத்து நாட்டு ராஜாவுக்கும் எல்லையில் உள்ள இரண்டு கோட்டைகளைப் பற்றிப் பல காலமாகச் சண்டை. கடைசியில் சமாதானம் பேசுகிறார்கள்: எலினோராவைப் பக்கத்து நாட்டு ராஜாவுக்குக் கட்டிக்கொடுப்பது, கோட்டைகள் இரண்டும் தகப்பனார் கைக்கு வருவது. முதலில் ஓர் ஓவியன் வந்து அவளை வரைந்துகொண்டு போகிறான், குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போல. பிறகு வண்டி வருகிறது. எல்லையில் கூடாரம் அடித்து, அவள் உடுத்தியிருந்த பிறந்த வீட்டு உடைகளையெல்லாம் களைந்து, புகுந்த நாட்டு உடைகளை மாட்டிவிடுகிறார்கள், உள்பாவாடையைக்கூட விடவில்லை. தங்கை மார்கரெட் யாரிடமும் சொல்லாமல் குதிரையேறி வண்டிக்குப் பின்னாலேயே எல்லைவரை வருகிறாள், காவல்காரர்கள் மறித்துவிடுகிறார்கள்.

அக்கா இதையெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்வாள். "அம்மை, எனக்கு அங்க ஒருத்தரையும் அறியாதுல்லா, நான் போய் யாருகூடப் பேசுவேன்?" என்றுதான் அவளுடைய எலினோரா மகாராணியிடம் கேட்டாள். மகாராணி, "சாரமில்ல மக்கா, போகப் போகப் பழகிரும்" என்றாள். அக்காவின் குரலில் கேட்டபோது அந்த இளவரசி நாகர்கோவில் கோட்டாற்றிலிருந்து பஸ் ஏறி வந்த எங்கள் சொந்தக்காரி மாதிரியே இருந்தாள்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரையும்விடக் கவனமாகக் கேட்டவர் அப்பா. கேலிக்காகச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, "பொறவு என்னாச்சு மக்கா, அந்தப் பிள்ளை எல்லை தாண்டியாச்சா?" என்பார். கூடாரத்தில் உடையைக் களையும் இடத்தை அக்கா சொன்ன அன்று அவர் கையிலிருந்த தோசைத் துண்டு அப்படியே நின்றது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனெல்லாம் ஒரு தகப்பனா? பெத்த பிள்ளையக் கொடுத்துக் கோட்டை வாங்குவானா ஒருத்தன்?" என்று கேட்டார். நான் அதைக் காதால் கேட்டேன். அவர் கண் கலங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் என் கோபம் ஆறாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கண்ணீர்தான்.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்பாவும் கோட்டாற்று வியாபாரி ஒருவரும் முன்பு கூட்டாளிகள். இருவரும் சேர்ந்து ஆரியசாலையில் சரக்கு போட்டுவைக்க ஒரு 'கிட்டங்கி' வாங்கியிருந்தார்கள். கூட்டு முறிந்தபோது அந்தக் கிட்டங்கி யாருக்கு என்பதில் தகராறு வந்து, வஞ்சியூர் கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கதவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பூட்டு போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மை பதறிப்போய்க் காப்பி போட்டாள். முன்னறையில் அவரும் அப்பாவும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். போகும்போது அவர் உரக்கச் சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது: "இனி நமக்குள்ள வழக்கு என்னத்துக்கு அண்ணாச்சி? சம்மந்தி ஆயாச்சுல்லா." அவர் தெருவில் இறங்கியதும் அப்பா உள்ளே வந்து, "காந்திமதிக்கு உறப்பிச்சாச்சு" என்றார். கல்யாணத்தை உறுதி செய்துவிட்டதைத்தான் அந்த ஊர்ப் பேச்சில் அப்படிச் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிட்டங்கி எங்களுக்கு, அக்கா அவர்களுக்கு.

அம்மை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவளுக்கு இன்னும் ஒரு வருசந்தானே பாக்கி, முடிச்சிட்டுப் போகட்டுமே?"

"அங்க போயிப் படிக்கலாம்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

அக்காவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அழவுமில்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல மழை பெய்தது, வழக்கம்போல மின்சாரம் போயிற்று. அப்பாவும் வழக்கம்போல இலைமுன் உட்கார்ந்து, "சொல்லு மக்கா, பொறவு என்னாச்சு?" என்றார். அவர் அதைக் கேட்டார் என்பதை இப்போது எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

அக்கா விளக்குத் திரியைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்: "பொறவு என்னாகும் அப்பா, கோட்டையை வாங்கியாச்சு. கதை உங்களுக்குத் தெரியும்லா."

அம்மை கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு, "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் கதை சொல்வது அன்றோடு நின்றது.

அது வேறு, இது வேறு. எது வேறு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்கள் கிரீடம் வைத்திருந்தார்கள், இவர்கள் தலைப்பாகைகூட வைத்திருக்கவில்லை, அதுவா? அங்கே கோட்டை, இங்கே எலி ஓடுகிற கிட்டங்கி, அதுவா? பரதேசத்து இளவரசிக்காகக் கண்ணீர் விடுகிறவருக்குத் தன் வீட்டில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவள் எப்படிக் கண்ணில் படாமல் போனாள்?

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மோசமானவர் இல்லை. சாதுவான மனிதர், தகப்பனார் சொல்லைத் தாண்டாதவர். ஆனால் அக்கா புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே அவர்கள் அவள் பெயரை மாற்றினார்கள். மாமியாருக்கும் காந்திமதி என்றுதான் பெயர். மருமகளை அந்தப் பெயர் சொல்லி எப்படி அதட்டுவது என்று அவர்களுக்குச் சங்கடம். "நம்ம வீட்ல லெட்சுமின்னு கூப்பிட்டுக்கிடுவோம்" என்று நாத்தனார் சொன்னாள், பூனைக்குட்டிக்குப் பெயர் வைக்கிற சாவகாசத்தோடு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். எனக்கு அந்தக் கூடாரம் நினைவுக்கு வந்தது. அங்கே உடையைத்தான் உருவினார்கள்.

படிக்கலாம் என்று சொன்னதும் காற்றோடு போயிற்று. பூஜை விடுமுறையில் நான் கோட்டாற்றுக்குப் போனபோது அக்கா பின்கட்டில் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. காலேஜ் என்னாச்சு என்று கேட்டேன். "மாமா அதைப் பத்திப் பேச்சே எடுக்கலை நீலா. நான் எடுத்தப்ப, இங்க என்ன குறைச்சல்னு கேட்டாங்க" என்றாள். கூடத்திலிருந்து யாரோ "லெட்சுமி" என்று கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் சும்மா இருந்தேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.

மிச்சக் கதையை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்து முடித்தேன். பத்து வருடம் கழித்து அந்த இரண்டு ராஜாக்களும் அதே கோட்டைகளுக்காக மறுபடி சண்டைக்குப் போகிறார்கள். எலினோரா எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டு ராஜாக்களுக்குப் பத்து வருடம்கூடத் தேவைப்படவில்லை. மூன்றாம் வருடமே கிட்டங்கியின் பின்சுவரைப் பற்றி ஏதோ பேச்சு முற்றி, மறுபடி வக்கீல்களைத் தேடிப் போனார்கள். தீபாவளிக்கு அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. எதற்காக அவளைக் கொடுத்தார்களோ அதுவும் மிஞ்சவில்லை, அவளும் எங்களுக்கு மிஞ்சவில்லை. அந்தப் புத்தகத்தையும், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அம்மை கடைக்கே அனுப்பிவிட்டாள். அந்த ராஜவம்சம் முழுவதும் தாள் தாளாக மிளகாயைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் போனது.

பள்ளி முடித்துக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருட பிரீடிகிரியை நான் முடிக்கும் சமயத்தில் எனக்கும் ஒரு பேச்சு வந்தது. அப்பாவின் கடையை ஒட்டியிருந்த கடைக்காரருக்கு ஒரு மகன். இரண்டு கடைகளுக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டால் முகப்பு எவ்வளவு அகலமாகும் என்று அப்பா வீட்டில் கையை விரித்துக் காட்டினார். இதை யார் போய் அக்காவிடம் சொன்னார்கள் என்று தெரியாது; அம்மைதான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் முற்பகலில், வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில், அக்கா இடுப்பில் குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நானும் அங்கே இருந்தேன். மூட்டை இறக்குகிறவர்களும் தரகர்களும் சுற்றி நின்றார்கள். அவள் உட்காரவில்லை.

"நீலாவை டிகிரி முடிக்க விடணும் அப்பா" என்றாள்.

"வீட்டுக்குப் போ மக்கா. சாயங்காலம் பேசிக்கிடலாம்."

"வீட்ல பேசினா அது வேற, இது வேறன்னு சொல்லுவீங்க. எல்லாரும் கேக்க இங்க வெச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இந்தப் படியவிட்டு இறங்க மாட்டேன், கேட்டீங்களா."

அவள் குரலை உயர்த்தவில்லை. கடைத்தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. குழந்தை மிளகாய் நெடியில் தும்மித் தும்மி அழுதது. அவள் அதன் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள். அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "செரி, படிக்கட்டும்" என்றார். "எதுவரைக்கும்?" என்று கேட்டாள். "அவளுக்கு வேணுங்கறவரைக்கும்" என்றார். சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் அவளை விட்டிருந்தார்கள். வீட்டுக்குக்கூட வராமல் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு நடந்து, அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். காவல்காரர்களைக் கடந்து எல்லையைத் தாண்டி வந்தவள் எங்கள் கதையில் மூத்தவள்தான்.

அவளால் நான் படித்தேன். அரசுக் கல்லூரிகளில் முப்பது வருடம் ஐரோப்பிய சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். பாடப் புத்தகங்களில் 'திருமண உறவின் மூலம் இரு நாடுகளுக்கும் இடையே அமைதி ஏற்பட்டது' என்று ஒரு வரி வரும். போகிற போக்கில் எழுதின வரி. அந்த வரி வரும்போதெல்லாம் நான் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன, வயது என்ன, தங்கை இருந்தாளா என்று கேட்பேன். பிள்ளைகளுக்குத் தெரியாது. புத்தகத்திலும் இருக்காது. 'அந்தக் காலம் அப்படி' என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு அது தவறு என்று தெரியும். என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அழவே செய்தார்.

இப்போது அப்பா இல்லை, அந்தக் கோட்டாற்று அண்ணாச்சியும் இல்லை. எங்கள் கடை இருந்த இடத்தில் மொபைல் உறைகள் தொங்குகின்றன. சாலைத் தெருவில் தாளில் பொட்டலம் கட்டுகிறவர்களைப் பார்க்க முடிவதில்லை. மிளகாய் நெடியும் பிளாஸ்டிக் பைக்குள் அடங்கிவிட்டது. கிட்டங்கியை இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து விற்றுவிட்டார்கள். அதை இடித்துத் தரையாக்கிவிட்டார்கள்; ஒரு துணிக்கடைக்கு வருகிறவர்கள் அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

போன தை மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் அக்காவும் நானும் பந்தியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தோம். சித்தப்பா முறையாகும் ஒரு பெரியவர் எங்களை மறித்து, சுற்றி இருந்த இளசுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "இந்தா நிக்காளே, இவ வாக்கப்பட்டுப் போனதாலதான் ரெண்டு குடும்பமும் ஒண்ணாச்சு, தெரியுமாடே?" என்றார்.

"ஒண்ணாகலை சித்தப்பா" என்றாள் அக்கா. "நான்தான் ரெண்டாப் போனேன்."

அவர் அதைத் தமாஷ் என்று எண்ணிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடித்து, வாயை மூடி, பார்வையைத் தாழ்த்தும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.