டிரைவரக்காவின் தூக்கம்

அந்த டிப்போவில் டவுன் பஸ் ஓட்டிய ஒரே பெண் அவர். எல்லோருக்கும் டிரைவரக்கா.

கொஞ்ச நாளாகவே காலையில் எழும்போது தலை பாரமாக வலித்தது. எவ்வளவு தூங்கினாலும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. மதியம் உட்கார்ந்தால், பேச்சின் நடுவிலேயே கண் சொருகும். குறட்டை விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண் இப்படியா குறட்டை விடுவது என்று வெட்கம். கணவரின் தூக்கம் கெடுகிறதென்று ஹாலில் தனியாகப் படுத்துக்கொண்டார்.

ஒருநாள் சிக்னலில் நின்றிருந்தபோது கண் அசந்துவிட்டது. பிரேக்கில் இருந்த கால் தளர, வண்டி மெல்ல நகர்ந்தது. எதிரே ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். கண்டக்டர் போட்ட கூச்சலில் விழித்து, பிரேக்கை மிதித்தார். அங்கேயே எஞ்சினை அணைத்தார்.

"டிப்போவுக்கு போன் போடுப்பா. வேற டிரைவர் வரட்டும்."

"ஒண்ணும் ஆகலையே, ஏம்மா பெருசு பண்றீங்க?" என்றார் போனில் டிப்போ மேனேஜர்.

"ஆனதுக்கப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம் சார்?"

அவரை வண்டியிலிருந்து மாற்றி, டிக்கெட் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். அந்த வாரம் வந்து தங்கிய நாத்தனார், ஹாலில் அவர் பக்கத்தில் படுத்தாள். விடிந்ததும் பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

"அண்ணி, குறட்டை கிடக்கட்டும். நடுநடுவுல உங்களுக்கு மூச்சே நின்னுபோகுது. அப்புறம் திணறித் திணறி இழுக்கிறீங்க. பயத்துல நான் பொட்டுத் தூக்கம் தூங்கல."

அவளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, ஒரு ராத்திரி அங்கேயே தூங்கவைத்துப் பார்த்தார்கள்.

"தூங்கும்போது உங்க தொண்டை மூடிக்குது. மூளைதான் உங்களை எழுப்பி எழுப்பி மூச்சு விட வைக்குது. இது சோம்பேறித்தனம் இல்லம்மா, வியாதி" என்றார் டாக்டரம்மா.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும், இத்தனை நாள் தன்னைச் சோம்பேறி என்றே நினைத்திருந்த டிரைவரக்கா அழுதுவிட்டார்.

தொண்டை மூடாதபடி காற்றை ஊதும் சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் முகமூடியை முதல் ராத்திரியே பிடுங்கி எறிந்தார். மூக்கு வறண்டது, கன்னத்தில் தடம் பதிந்தது. நர்ஸ் வேறு அளவு முகமூடி மாற்றி, ஈரக்காற்று வரும்படி வைத்துக்கொடுத்தாள்.

"மெஷினைத் தூக்கிட்டு உள்ள வந்து படு. ஹால்ல என்ன வாட்ச்மேன் வேலையா பார்க்கிற?" என்றார் கணவர்.

மெல்ல மெல்லப் பழகியது. டாக்டரம்மா சரியென்று சொன்ன பிறகு பஸ்ஸும் திரும்பக் கிடைத்தது.

அதற்குச் சில நாள் முன்பு, ஒரு காலையில் அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்தது. தலைவலி இல்லை. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாமல் கணவரைத் தட்டி எழுப்பினார்.

"என்னாச்சு?" என்று பதறினார் அவர்.

"ஒண்ணுமில்லங்க. சும்மா பேசணும்போல இருந்துச்சு."