கூடாரத்துக்குள் அடித்த நீலம்

என் கணவர் வேலை பார்த்த பீன்யா தொழிற்சாலையில் தொண்ணூற்று ஐந்தாம் வருடம் கருவிகள் செய்கிற டூல் ரூமை மூடினார்கள். இருபத்திரண்டு வருடம் லேத்திலும் கிரைண்டிங் மெஷினிலும் நின்றவரை, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து, ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தி நான்கு வயது. முதல் மூன்று மாதம் வழக்கம்போல ஐந்தரைக்கே எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, கம்பெனி பஸ் வரும் நேரம்வரை தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். பிறகு பேப்பரை விரித்துக்கொள்வார். நான் அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கைப்பையை மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது பேப்பரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

அந்த மழைக்காலத்தில் குக் டவுனில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். அந்த வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எப்போதோ ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. பின்கட்டுக் கொட்டகையில் ஒரு அமெரிக்கக் கார் இருபது வருடமாக அசையாமல் நின்றிருந்தது. இரண்டே கதவு, நீளமான மூக்கு, இடது பக்கம் ஸ்டியரிங், எட்டு சிலிண்டர் எஞ்சின். டயர்கள் மண்ணுக்குள் புதைந்து, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. குஜிரிக்கு, அதாவது சிவாஜிநகர் பழைய இரும்புச் சந்தைக்கு, வெட்டி அனுப்ப இருந்ததை இவர் காண்ட்ராக்டரிடம் பேசி மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு இழுத்துவந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் துணி உலர்த்துகிற இடம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருந்தது.

"இது இன்னாங்க?"

"கார்."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"ஓட வெக்கிறேன், டீச்சரம்மா. ரெண்டு வருசம் குடு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருடம் நான்கானது. மூன்று கம்பங்களை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் போட்டு எஞ்சினைத் தூக்கி இறக்கியபோது நாலு வீட்டு ஆண்கள் வந்து பிடித்தார்கள். மற்றபடி அவரும் நானும்தான். கிடைக்காத பாகங்களைத் தன் பழைய கூட்டாளியின் சின்னப் பட்டறைக்குப் போய் அவரே கடைந்துகொண்டு வருவார். கதவின் அடிப்பகுதி முழுக்கத் துரு தின்றுவிட்டது. அதை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். தகட்டைத் தட்டிச் சமப்படுத்தி டிங்கரிங் முடிந்த இடங்களில் பட்டி பூசினார். பட்டி காய்ந்ததும் தண்ணீரைத் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்க்கிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் உட்கார்ந்தால் சமையலுக்கு எழுந்திருக்கும்வரை தேய்ப்பேன். விரல் நுனிகள் தோலுரிந்து, திங்கட்கிழமை சாக்பீஸைப் பிடித்தால் எரியும். பிடித்தமில்லாமல் ஆரம்பித்தேன் என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி மேடு பள்ளத்தைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். "உனக்குக் கை நல்லா பேசுது" என்பார். அவரிடமிருந்து அவ்வளவு பெரிய பாராட்டு அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளுக்கு மட்டும் அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. "வீடா இது, மெக்கானிக் ஷாப்பா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். படிப்பு முடிந்து ஓசூரில் கல்யாணமாகிப் போனாள்.

எஞ்சின் முதல்முதலாக உயிர் பெற்ற காலையில் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. அவர் போனெட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவர் நன்றாக இருந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

பாக்கி இருந்தது பெயிண்ட். கருநீலம் என்று அவர் எப்போதோ தீர்மானித்திருந்தார். வெளியே கொடுத்து அடிக்க மனசில்லை. கம்ப்ரசரையும் ஸ்ப்ரே கன்னையும் வாடகைக்குக் கொண்டுவந்தார். புது மாதிரிப் பெயிண்ட். கூடவே வரும் சின்ன டின்னில் இருக்கிற, பெயிண்டை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலந்துதான் அடிக்க வேண்டும், கண்ணாடி மாதிரி பளபளக்கும் என்றார். தூசி விழாமல் இருக்க மூங்கில் நட்டு, பாலிதீன் ஷீட்டால் கூடாரம் போட்டோம்.

முதல் நாள் ஒரு பக்கத்து ஷீட்டைத் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் அடித்தார். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை.

"டீச்சர், வாசன தாங்கல. கண்ணு எரியுது. புள்ள கக்கிக்கிட்டே இருக்குது. கொஞ்சம் பாத்து பண்ணச் சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலமே நானே உட்கார்ந்து கூடாரத்தின் எல்லா ஓரங்களையும் மடித்துச் செங்கல் வைத்தேன். சந்து இருந்த இடங்களில் பிரவுன் டேப் ஒட்டினேன். நுழைகிற இடத்தில் இன்னொரு ஷீட்டை இரட்டையாகத் தொங்கவிட்டு, அவர் உள்ளே போனதும் வெளியிலிருந்து கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இரண்டு நாள் அப்படியே வேலை நடந்தது. அவர் முகத்தில் ஒரு ஈரக் கைக்குட்டை மட்டும். வெளியே வாசனையே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படி மூடி அடித்த இரண்டாம் நாள் சாயங்காலம் காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம். உதடு கறுத்துப் போனது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகத்தில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு, மூச்சு கொஞ்சம் சீரானதும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கன்னடத்தில் கேட்டார், என்ன வேலை செய்கிறார் என்று. வீட்டில் காருக்குப் பெயிண்ட் அடித்தார் என்றேன்.

"மூடின இடமா, திறந்த இடமா?"

என் விரலில் பிரவுன் டேப்பின் பிசின் ஒட்டியிருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"திறந்த இடந்தான் டாக்டர். வாசல்லதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், புருஷனை ஷீட்டுக்குள் வைத்துக் கட்டினேன் என்று அந்த இளம் டாக்டரின் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. டாக்டர் தூசியாகத்தான் இருக்கும் என்று எழுதி, பத்து நாள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

பதினோராவது நாள் அவர் பெயிண்டைக் கலந்தார். பின்பக்கமும் டிக்கி மூடியும் மட்டும் பாக்கி. "வேணாங்க" என்று ஒரு தடவை சொன்னேன்.

"ஒரு மணி நேர வேல. டாக்டரே தூசின்னுதான சொன்னாரு? உள்ள தூசியே இல்ல."

நான் மறுபடியும் ஷீட்டைக் கட்டினேன்.

இந்தத் தடவை சாயங்காலம்வரை போகவில்லை. கன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் போட்ட முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. அரிவாள்மணையை எடுத்துவந்து ஷீட்டைக் கிழித்தேன். கார் சக்கரத்தின் மேல் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மூச்சு உள்ளே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் மூச்சுக்குக் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். சிட்டி பஸ் ஓட்டுகிற என் தம்பி, அங்கே கேட்டார்கள் என்று அந்தச் சின்ன ஹார்ட்னர் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தான். இந்த முறை பெரிய டாக்டரம்மா வந்தார். டின்னில் இருந்ததைப் படித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். மூடின இடந்தான் என்றேன்.

"மொதல் தடவையே சொல்லியிருந்தா, இனிமே ஜென்மத்துக்கும் இதும் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லியிருப்போமேம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தவர் பழைய ஆள் இல்லை. மிளகாய் தாளித்தால் மூச்சு இழுக்கும். ஊதுவத்தி, சோப்புத் தூள், மழைக்குப் பிறகு வருகிற ஈரம், எதுவும் ஆகாது. மாடிப்படி நாலு ஏறினால் உட்கார வேண்டும். பாதி ஷீட் தொங்கியபடி, டிக்கி மூடி மட்டும் சாம்பல் நிறப் பிரைமரோடு கார் அப்படியே நின்றது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டேப் ஒட்டியது, டாக்டரிடம் பொய் சொன்னது, எல்லாம். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மேல தப்பு இல்ல. பெயிண்ட் கடை பாய் அப்பவே சொன்னாரு. மூஞ்சி மாஸ்க் ஒண்ணு இருக்குது, ரெண்டு பக்கமும் டப்பா வெச்சது. அது இல்லாம இத தொடாதீங்க, இது வெசம் சார்னு ரெண்டு வாட்டி சொன்னாரு."

"நீங்க?"

"அந்தக் காசுக்கு ஹெட்லைட் வளையம் வாங்கிட்டு வந்துட்டேன்."

அவர் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். இன்றைக்கு அது புரிகிறது. அன்றைக்கு எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. ஒரு மாதமாக நெஞ்சில் கல்லைச் சுமந்துகொண்டு திரிந்தவளுக்கு, விஷம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் உள்ளே போனவரை மன்னிக்க முடியவில்லை. நான் கயிறு கட்டும்போது உள்ளே நின்றுகொண்டு "நல்லா இழுத்துக் கட்டு" என்று சொன்னவர் அவர்தானே?

பேசுவதை நிறுத்தினேன். சோறு போட்டேன், மாத்திரை எடுத்து வைத்தேன், வெந்நீர் காய்ச்சினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏதாவது கேட்டால் அந்தப் பொருளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். இருபத்திரண்டு நாள். மூச்சு விடவே சிரமப்படுகிற மனிதர், பதில் வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு கேள்விக்காக மூச்சைச் செலவு செய்தார். "மழ வருமா?" "ஸ்கூல்ல பரிச்ச முடிஞ்சிச்சா?"

இருபத்திரண்டாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்து, காரின் டேஷ்போர்டுக்குப் போக வேண்டிய வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் பெயர் எழுதிய துண்டுக் காகிதம் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே போய் மாட்ட அவரால் முடியாது. கேட்கவும் இல்லை. நான் முகம் கழுவிவிட்டு வந்து, அந்த வயர்க் கட்டை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செவப்பு வயர எங்க சேக்கணும்?" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"பித்தள ஸ்க்ரூவுக்கு. இடது பக்கம் மேல" என்றார்.

அப்படியே மூன்று வாரத்தில் மொத்த வயரிங்கையும் நான் முடித்தேன். பேசாமல் இருந்த நாட்களைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தம்பி வந்து காரை வெளியே எடுத்தான். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டத் தெரியாமல் முதலில் திணறினான். இவர் பக்கத்து சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கில் ஈரத் துண்டை வைத்துக்கொண்டு. நான் பின்னால். அல்சூர் ஏரியைச் சுற்றிப் போனோம். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இவர் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. எஞ்சின் சத்தத்தையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு லாரி கக்கிய புகை எப்படியோ உள்ளே வந்துவிட்டது. இரும ஆரம்பித்தார்.

"போதும். வீட்டுக்கு விடு" என்றார்.

மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். அந்தக் காரில் அவர் போனது அந்த ஒரு தடவைதான். அந்த வருடம் டிசம்பர்க் குளிரில் சளி பிடித்து, நுரையீரலுக்கு இறங்கி, நாலே நாளில் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண், எல்லோரும் போன பிறகும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "நான் அன்னிக்கு வாசனன்னு சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து அழுதாள். இரண்டு வருடமாக அவளும் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "உன்னால இல்லம்மா. கைக்கொழந்தைய வெச்சிருந்தவ, கேக்காம என்ன செய்வ?" என்றேன். அவளிடம் சொல்ல எனக்கு அது எளிதாக வந்தது.

காரை ஒரு வருடம் வைத்திருந்தேன். பிறகு ஜெயநகரிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்தார். மரியாதையானவர். போனெட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்து, "வயரிங் ரொம்ப நீட்டா இருக்கு மேடம். யார் செஞ்சது?" என்று கேட்டார். நான் என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இவ்ளோ கஷ்டப்பட்டு ரெடி பண்ணிட்டு ஏன் விக்கிறீங்க?"

"எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

மறுநாள் பதினோரு மணிக்கு அவருடைய டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். துணி ஊறப் போட்டிருந்தது. துவைத்து, ஆறு வருடத்துக்குப் பிறகு பக்கவாட்டில் கொடி கட்டி உலர்த்திவிட்டு, மத்தியான வகுப்புக்குக் கிளம்பினேன்.