கேட்டுக்கு வெளியே கேட்ட பாட்டு

சித்தூர் கிறிஸ்தவ சபையில் கீபோர்டு வாசிக்கும் முரளிதரன், ஒவ்வொரு வரியையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடவைப்பார்.

"தெரிஞ்ச பாட்டை எதுக்குங்க சொல்லிக்கினே இருக்கீங்க?" என்று பழைய விசுவாசிகள் சலித்துக்கொள்வார்கள்.

"புதுசா வர்றவங்க வாயை மூடிக்கினு நிக்கக்கூடாது," என்பார். முதன்முதலாக வந்த அன்று அவரே அப்படித்தான் நின்றார்.

மனைவி தாட்சாயணி உள்ளே வருவதில்லை. ஞாயிறுதோறும் அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, ஆராதனை முடியும்வரை கேட்டுக்கு வெளியே காத்திருப்பாள். அவர் சபைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் பேச்சு, "சாப்பாடு போடட்டுமா" என்பதோடு சரி.

நேற்று சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது, சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே அவள் சபைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிகூடத் தப்பவில்லை. சேர்ந்து பாட அவருக்குத் தொண்டைவரை வந்தது. குரல் கேட்டால் நிறுத்திவிடுவாள்.

பாட்டு முடியும்வரை வாசற்படியிலேயே வாயை மூடிக்கொண்டு நின்றார்.