ஒரு சாண் நிலக்கரி

ஒரு பொருள் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கும் மாதச் சம்பளம் கொடுப்பார்கள் என்பது, நிலக்கரி தேடுகிற வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் போர் போடும் வண்டியோடு திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காட்டில் கிடந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மண் மேடுகள், நடுநடுவே பனை. வண்டி பூமியைத் துளைக்கும்போது குழாய் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உள்ளே அனுப்புவார்கள். அது துளையைச் சுற்றி மேலே வந்து ஒரு வாய்க்காலில் ஓடும். அதன் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. மஞ்சளாக வந்தால் களிமண், வெளுப்பாக வந்தால் மணல், கடுங்காப்பி மாதிரி வந்தால் கரி. குழாய்க்குள் சிக்கி வரும் மண் உருளைகளை நீளப் பெட்டியில் வரிசையாக அடுக்குவதும் நான்தான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்குமா? கண் வேலையிலும் மனசு வேறிடத்திலுமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

கரி கிடைத்தால் கல்யாணம்

எனக்கு ஊர் தாமிரபரணிக் கரையில் வண்ணார்பேட்டை. எங்கள் தெரு முனையில் ஒரு பாத்திரக்கடை. கடைக்கார அண்ணாச்சியின் மகள் கோமதி உள்ளே உட்கார்ந்து, வாங்குகிற பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பாள். அந்தச் சின்ன மிஷின் ‘ர்ர்ர்’ரென்று வண்டு மாதிரி இரையும். ஒரு டம்ளர் வாங்கப் போய், பிறகு தேவையே இல்லாமல் இன்னும் பத்து டம்ளர் வாங்கினேன். எல்லாவற்றிலும் என் பெயர்தான். பன்னிரண்டாவதில் உன் பெயரை வெட்டு என்றேன். வெட்டினாள்.

அண்ணாச்சி கோபக்காரர் இல்லை, ஆனால் வியாபாரி. எந்தப் பாத்திரத்தையும் விரலால் சுண்டி, சத்தம் கேட்ட பிறகுதான் பேசுவார். என்னையும் அப்படித்தான் பார்த்தார். கரி கிடைத்தால் சுரங்கம் வரும், சுரங்கம் வந்தால் எங்களையெல்லாம் நிரந்தரமாக்குவார்கள் என்று கேம்பில் ஒரு பேச்சு இருந்தது. யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது, எல்லோரும் நம்பினோம். அதையே அண்ணாச்சியிடம் சொன்னேன். பக்கத்திலிருந்த பித்தளைக் குடத்தைச் சுண்டிவிட்டு அவர் சொன்னார்:

“சரி வே. கரி கெடச்சா வந்து சொல்லும், தேதி குறிச்சிருவோம்.”

வடிவக்காவின் பனை

வண்டி நின்ற காடு சுடலைவடிவு என்கிற வடிவக்காவுக்குச் சொந்தம். புருஷன் இல்லாதவர். நாற்பது பனை, ஒரு கருப்பட்டி அடுப்பு, அவ்வளவுதான் ஆஸ்தி. சீசனில் தினமும் காலையில் பதநீர்க் கலயத்தோடு வந்து, “கரி கெடச்சுதா தம்பி?” என்று கேட்பார். இல்லை என்றால் ஓலைப் பட்டையில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். “வரும் போலத்தான் இருக்கு” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். ஊற்றிக்கொண்டிருந்த கலயம் நிமிர்ந்துவிட்டது. சுரங்கம் வந்தால் காடு போய்விடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

குற்ற உணர்ச்சியில் கோமதி விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி என்ன சொன்னார், எந்தக் கடை, என்ன பாத்திரம் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பனைமரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒனக்கு கெடைக்கணும்னா எனக்குப் போவணும். நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல செந்தூருக்குப் போயி நிக்காண்டாம் தம்பி, முருகன் பாவம்.”

வெள்ளைக்காரன் குழி

எங்களுக்கு மேலே ஒரு ஜியாலஜிஸ்ட் சார் இருந்தார். மதுரைக்காரர். மண்ணைக் கையில் எடுத்தால் முகர்ந்து பார்ப்பார், சில நேரம் நாக்கிலும் வைத்துப் பார்ப்பார். அவரை வடிவக்கா ஒருநாள் காட்டின் மேற்கோரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெரிய பள்ளம், அடியில் மழைத் தண்ணீர், குடிக்க வந்த ஆடுகள். மாமனாரின் தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து கரி தேடி வெட்டிய குழியாம். கறுப்பாக ஏதோ வந்திருக்கிறது. துரை அதைக் காயவைத்து நெருப்பில் போட்டாராம். எரியவில்லை, புகைந்தது. துரை இருமிக்கொண்டே குதிரை ஏறிப் போய்விட்டார்.

சார் குழியின் விளிம்பில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஒரு காலத்தில் கடல் இங்கே வரை இருந்திருக்கலாம். மலையில் வெள்ளத்தில் முறிந்த மரங்களெல்லாம் ஆற்றோடு மிதந்து வந்து, முகத்துவாரத்தில் சிக்கி, மண் மூடி, எத்தனையோ லட்சம் வருடம் இருட்டில் கிடந்து கரியாகியிருக்கும். இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கு அந்த மரங்கள் மிதப்பது தெரிந்தது. பச்சை இலையோடு, பறவைக் கூடுகளோடு, அவசரமே இல்லாமல், தாமிரபரணி முழுக்க மரமாக வந்துகொண்டிருந்தது. வண்டியை ஓட்டும் மேலப்பாளையத்து காதர் பாய்தான் என்னைக் கரையேற்றினார்:

“வந்த மரமெல்லாம் நிக்காம கடலுக்குப் போயிருந்தா நம்ம கதி என்ன சார்?”

பெட்டியில் ஒரு கட்டி

மூன்று துளைகள் வெறும் களிமண்ணும் மணலும். நான்காவது துளையின் பெட்டியை ஒரு காலையில் திறந்தேன். வெள்ளை மணல் உருளைகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு கறுப்புக் கட்டி! முந்தின நாள் நான்தான் அடுக்கினேன், அப்போது அது அங்கே இல்லை. ஆனால் அதை நினைக்க மனசு எங்கே விட்டது? கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிற இடம்வரை போய்விட்டேன். பெட்டியோடு சாரிடம் ஓடினேன்.

சார் கட்டியை ஒரு திருப்புத் திருப்பினார். “இந்தப் பக்கம் கிடைச்சா பழுப்பாத்தான் கிடைக்கும், ஈரமா இருக்கும். இது ரயில் எஞ்சின்ல போடுற கரி” என்றார். விசாரித்ததில், ரோட்டு முக்கில் டீக்கடை வைத்திருந்த முத்தையா தலையைச் சொறிந்தார். கேம்ப் போய்விட்டால் அவர் கடையில் ஈதான் உட்காரும். புகைவண்டி ஓடிய காலத்தில் தண்டவாளத்து ஓரத்தில் பொறுக்கி வைத்திருந்ததை ராத்திரியில் பெட்டிக்குள் போட்டாராம். சார் திட்டவில்லை, சிரித்தார். அந்தத் தைரியத்தில் முத்தையா கேட்டார்:

“கரி கரிதான சார், மேல இருந்து வந்தா என்ன, கீழ இருந்து வந்தா என்ன?”

தண்ணீர் என்ன நிறம்?

கடைசித் துளை வடிவக்காவின் பனைகளுக்கு நட்டநடுவே. இதிலும் இல்லையென்றால் கேம்பைத் தூக்கிவிட உத்தரவு வந்திருந்தது. மத்தியான நேரம். தேரியில் காற்று செம்மண்ணைத் தூற்றிக்கொண்டிருந்தது. பம்ப்பு ‘ர்ர்ர்’ரென்று ஒரே சீராக இரைந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோமதியின் மிஷின் சத்தமாகிவிட்டது. அவள் குனிந்து ஒரு பெரிய அண்டாவில் பெயர் வெட்டுகிறாள். முதலில் என் பெயர், பிறகு அவள் பெயர், பிறகு இன்னும் பிறக்காத யார் யாருடைய பெயரோ. அண்டா சுழல்கிறது, எழுத்து முடியவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. சத்தியமாகத் தூங்கவில்லை.

சத்தம் நின்றது. காதர் பாய் குழாயை மேலே எடுத்தார். அந்த ஒரு இறக்கத்தில் மட்டும் மூன்று மீட்டர் துளைத்திருந்தோம். உள்ளே இருந்தது ஒரே ஒரு சாண். கரும்பழுப்பு, ஈரம், மரத்தின் ரேகைகூட அழியவில்லை. உண்மையான நிலக்கரி! மீதியெல்லாம் தண்ணீரோடு கரைந்து போயிருந்தது. கரைந்தது கரியா, மணலா? இந்த மாதிரி ஈரமான இளங்கரியும் கரையும், மணலும் கரையும். அதைச் சொல்லவேண்டியது திரும்பி வந்த தண்ணீர். தண்ணீரைப் பார்த்திருக்கவேண்டியவன் நான்.

“தண்ணி என்ன நிறத்துல வந்துச்சு?” என்று சார் கேட்டார். காதர் பாய் எனக்கு முதுகைக் காட்டி லிவரைப் பிடித்திருந்தவர், அவருக்குத் தெரியாது. வாய்க்காலில் எல்லாம் ஓடிக் கலங்கியிருந்தது. “கறுப்பு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுற்றிலும் இன்னும் பத்துத் துளை, கேம்ப் நிற்கும், கல்யாணம் நடக்கும். எதிரே பனையடியில் வடிவக்கா கலயத்தை இடுப்பில் வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் பாக்கலை சார்” என்றேன். “கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டே எங்கப்பா போனே?” என்றார் சார். பாய்தான் பதில் சொன்னார்:

“வண்ணார்பேட்டைக்குப் போயிட்டு இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குதான் சார்.”

மூன்று தடவை முருகா

என் கனவுக்கு அபராதமாக, ஐந்தடி தள்ளி அதே ஆழத்துக்கு இன்னொரு துளை போட்டார்கள். இரண்டு நாள். இந்தத் தடவை நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்த ஆழம் நெருங்கியதும் வடிவக்காவும் வந்து வாய்க்கால் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் வந்தது. வெளுப்பு வந்தது. அப்புறம், பாலில் டிகாக்‌ஷன் ஊற்றினாற்போல, கடுங்காப்பி. பக்கத்தில் “முருகா” என்று ஒரு முனகல். எனக்கு உள்ளே மேளம் கொட்டியது. “முருகா.” இன்னும் கறுப்புதான். “முருகா.” மூன்றாவது முருகா முடிவதற்குள் தண்ணீர் வெள்ளை மணலாக மாறிவிட்டது.

அவ்வளவுதான், ஒரு சாண். அதற்குக் கீழே எவ்வளவு போயும் மணல். ஒரு சாண் கரிக்காக யாரும் சுரங்கம் வெட்டமாட்டார்கள் என்று சார் நோட்டை மூடினார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் முன்னால் ஏன் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. வடிவக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆத்திரத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் பட்டை நிறையப் பதநீரை ஊற்றி என் கையில் திணித்தார்:

“சிரிக்கணும் போலதான் இருக்கு, ஒன் மூஞ்சியப் பாத்தா வரமாட்டங்கு தம்பி.”

எத்தனை சாண்?

துளைகளையெல்லாம் சிமெண்ட் ஊற்றி மூடினோம். கேம்பைப் பிரித்தார்கள். சார் வடிவக்கா எதிரிலேயே கட்டைவிரல் அளவு கரியைக் காகிதத்தில் பொதிந்து, “ஞாபகத்துக்கு வச்சுக்கோ” என்று கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை இல்லாத தெருவாகப் பார்த்து நடந்தேன். நான்காம் நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனால், கடை வாசலில் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வடிவக்கா நிற்கிறார்! இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“இந்தா வந்துட்டான்லா. அந்தக் கரிய எடுத்து அண்ணாச்சி கையில குடு” என்றார். கொடுத்தேன். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் அதையும் விரலால் சுண்டினார், சத்தமே வரவில்லை. “இம்புட்டுதானா?” என்றார். “ஒரு சாண் கெடச்சுது, தோண்டிப் பாத்தும் அதுக்கு மேல இல்ல” என்று நான் தலைகுனிந்து சொன்னேன். வடிவக்கா தலைகுனியவில்லை. “கரி கெடச்சா பொண்ணு தாரேன்னுதான சொன்னிய? கெடச்சிருக்கு. எத்தனை சாண் வேணும்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். யாவாரி வாயில வந்த சொல்லு, இப்ப அளவு மாத்தப்பிடாது!” என்றார். கடைக்கு வந்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ‘ர்ர்ர்’ என்ற சத்தம் நின்றுபோயிருந்தது. அண்ணாச்சி கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கருப்பட்டி ஒன்றை எடுத்து முகர்ந்தும் பார்த்தார். “இவன் வேலைக்கு என்ன செய்யுதது? நம்ம கடையில ஆள் இல்லாமத்தான கெடக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

“ஏளா கோமதி, மிசினை ஏன் நிறுத்திட்ட? நம்ம வீட்டுப் பாத்திரத்துல பேரு வெட்டணும், பெரிய அண்டால இருந்து ஆரம்பி.”

பூமிக்கு அடியில் தொண்ணூறு மீட்டரில் இருந்த ஒரு சாண் கரியைக் கண்டுபிடித்த இந்தக் கண்ணுக்கு, அடுப்பில் பொங்குகிற பால் மட்டும் இன்றுவரை தெரிந்ததில்லை, கோமதியும் ஒவ்வொரு தடவையும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “தண்ணி என்ன நிறத்துல வந்துச்சு?” என்று கேட்காமல் விட்டதில்லை.