முனியம்மா ஸ்லிங்கை அவிழ்த்த நாள்

1. எண்ணெய் ஏறிய முடிச்சு

"அடுத்த ரிவ்யூக்குள்ள கை தோளுக்கு மேல வரணும். வரலைன்னா மயக்கம் குடுத்து நாங்களே தூக்கி விட்டுடுவோம்" என்று எங்கள் எலும்பு டாக்டர் சொன்னதும், முனியம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய்ப் பிடித்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா. மயக்கம்னு சொன்னாரா, அது இப்பவே வந்துட்ச்சு" என்றார்.

காஞ்சிபுரத்தில் ஒரு எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மெஷின்களைப் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு துண்டுத் துணியைப் பற்றிச் சொல்கிறேன்.

முனியம்மாவுக்குத் தென்னேரிப் பக்கம் கொஞ்சம் நிலம். வரப்பில் வழுக்கி விழுந்ததில் வலது கையின் மேல் எலும்பு, தோளுக்குப் பக்கத்தில் உடைந்துவிட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. முக்கோணத் துணியில் ஆர்ம் ஸ்லிங் போட்டுக் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டோம். எலும்பு அழகாகக் கூடியது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், ஸ்லிங்கை எடுத்துவிடச் சொல்லிப் பயிற்சிக்காக என்னிடம் அனுப்பினார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. வாரா வாரம் வருவார்; கை மட்டும் ஒரு விரற்கடைகூட ஏறாது.

"வீட்ல எக்ஸர்சைஸ் பண்றீங்களா?"

"பண்ணிக்கினேதான் இருக்கேன் டாக்டரம்மா. காலையில பண்றேன், சாயந்தரமும் பண்றேன்."

"அப்ப இந்த ஸ்லிங் எதுக்கு?"

"இங்க வரும்போது மட்டுந்தான் போட்டுக்கினு வரேன். வழியில யாராச்சும் இடிச்சிட்டா?"

கழுத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நான் போட்ட அதே முடிச்சு. தேங்காய் எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கல்லாகியிருந்தது. இங்கே வரும்போது மட்டும் போட்டுக்கொள்கிற துணியில் இவ்வளவு எண்ணெய் ஏறாது. ராப்பகலாக அது கழுத்திலேயே கிடந்திருக்கிறது.

எனக்குச் சட்டென்று கோபம் வரும். வந்தது. "முடிச்சு பொய் சொல்லாது முனியம்மா" என்றேன்.

அவர் இடது கையால் அந்த முடிச்சைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அவுத்தா எலும்பு நழுவிடும்னு பயமா இருக்குதும்மா. கட்டி இருக்கறவரைக்கும் கை என்னாண்ட இருக்குது" என்றார். "கம்பு கதிர் வெச்சிருக்குது. கிளி கூட்டங்கூட்டமா எறங்குது. நான் கவண்ல கல்ல வெச்சி சுத்தினாதான் போவும். என் மவன் பட்டாசு வெடிக்கறான். அதுங்க பட்டாசுக்கு பழகிட்ச்சுங்க. இப்ப வெடிச்சா திரும்பிக்கூட பாக்கறதில்ல."

இதைக் கேட்ட பிறகு கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது? சிரித்துவிட்டேன். ஆனால் ரிவ்யூ நெருங்கிக்கொண்டிருந்தது. மயக்க ஊசிக்கு அவர் பயந்த பயத்தில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

2. வேப்பமரத்துக் குரங்கு

எங்கள் பிசியோ ரூமின் பக்கவாசலைத் திறந்தால் ஒரு வேப்பமரம். முறை வரும்வரை நோயாளிகள் அதன் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வாரமும் முனியம்மா ஸ்லிங்கோடுதான் வந்திருந்தார்; பக்கத்தில் ஏகாம்பரம் இருந்தார். பட்டு நெசவாளர். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தவர். ஊர்க்கதை பேசுவதில் மன்னன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு முகம் துடைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

கோயில் ஊர்க் குரங்குக்குப் பண்டமாற்று தெரியும். வாழைப்பழம் ஒன்றைக் காட்டினால் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பழத்தை வாங்கிக்கொள்ளும். அன்று பார்த்து யாரிடமும் பழம் இல்லை. வாட்ச்மேன் கம்பை ஆட்டினார். அது இன்னும் ஒரு கிளை மேலே போய், கண்ணாடியின் காதைக் கடித்துப் பார்த்தது.

"அது இல்லாம எனக்கு இழை தெரியாதும்மா" என்றார் ஏகாம்பரம்.

முனியம்மா எழுந்தார். இடது கையால் ஸ்லிங்கைத் தலைவழியாக உருவினார். கல்லாகியிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். உதறி, நீளவாக்கில் மடித்தார். நோயாளிகள் அமுக்கிப் பழகுவதற்காக ஜன்னலில் வைத்திருந்த ஸ்பாஞ்ச் பந்துகளில் ஒன்றை எடுத்து மடிப்பின் நடுவில் வைத்தார். துணியின் இரண்டு நுனிகளும் வலது கையில்.

"அப்பிடி நவுருங்கபா" என்றார்.

இடுப்புக்குப் பக்கத்தில் துணி முன்னும் பின்னும் ஆடியது. ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த சுற்றில் ஒரு நுனியை விட்டார். பந்து இலைகளுக்குள் பாய்ந்து குரங்கின் கிளையில் பட்டது. குரங்கு கண்ணாடியைப் போட்டுவிட்டு மதில்மேல் தாவி ஓடியது. கூட்டிவைத்திருந்த வேப்பஞ்சருகில் விழுந்த கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, காதில் பல் தடம் மட்டும்.

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். நான் முனியம்மாவின் கையைப் பார்த்தேன். எறிந்த கை காதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவரும் அப்போதுதான் அதைக் கவனித்தார். முகம் வெளிறி, மெல்லக் கீழே இறக்கினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது." தோளை என் பக்கம் நீட்டினார். "எலும்பு இருக்குதா பாரும்மா."

அழுத்திப் பார்த்தேன். "இருக்குது. எங்கயும் போகல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பினூடே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருஷ சர்வீஸில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு. அந்தத் தோளைப் பிடித்திருந்ததில் பாதி மூட்டு இறுக்கம்; மீதிப் பாதி பயம்.

3. பந்தும் துணியும்

தோள் இறுகியவர்களுக்குப் பெண்டுலம் எக்ஸர்சைஸ் என்று ஒன்று கொடுப்போம். குனிந்து, கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி ஆட்ட வேண்டும். முனியம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் கவண் சுற்றுவதன் தொடக்கமும் அதே அசைவுதான். அன்றிலிருந்து அதே துணியைத் துவைத்து, அதே பந்தை வைத்து, முழங்காலுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட வைத்தேன். பிறகு இடுப்புக்கு. பிறகு அதற்கும் மேலே. வீட்டிலும் செய்தார். இந்த முறை பொய் இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். "பழைய காலத்துல இதை வெச்சுக் கோட்டைச் சண்டையே போட்டிருக்காங்க. என் ஓ.பி. ஜன்னலை மட்டும் விட்டுடச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வில்லாளிகளோடு கவண்காரர்களும் படையில் நின்ற காலம் உண்டு. மண்டையைப் பிளக்கக் கல் வீசியதும், உடைந்த கையைத் தாங்குவதும், குழந்தையைத் தூங்கவைக்கும் தூளியும் நடுவில் பள்ளம் விட்ட ஒரே துணிதான். நுனியைப் பிடித்திருப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏகாம்பரம் நன்றிக்கடனாகப் பட்டு நூலைத் திரித்து ஒரு கவண் பின்னிக்கொண்டு வந்தார். அரக்குச் சிவப்பு. பார்க்கக் கண் கொள்ளவில்லை. முனியம்மா சுற்றினார். பட்டின் வழுக்கலில் பந்து பின்பக்கமாக நழுவிப்போய் ஏகாம்பரத்தின் வயிற்றிலேயே பட்டது.

"பட்டு கல்யாணத்துக்குத்தான் ஆவும்பா. கிளிக்கு சணல்தான்" என்றார் முனியம்மா. ரூமில் இருந்தவர்கள் வலியை மறந்து சிரித்தார்கள்.

ரிவ்யூ நாள் வந்தது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். முனியம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தூக்கினார். கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டி மேலே போனது. முழுசாக நிமிரவில்லை, ஆனால் போதும்.

"மயக்கம் வேணாம்மா" என்றார் டாக்டர்.

"இன்னொரு தபா சொல்லுங்க சார்."

சொன்னார்.

பிள்ளைகளே, ஸ்லிங் கட்டும்போதே அதை எடுக்கும் நாளையும் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். அது மட்டும் போதாது. கை சரியானதும் முதலில் அதை வைத்து என்ன செய்ய ஆசை என்று கேட்டுவையுங்கள். பயிற்சியை அங்கிருந்து ஆரம்பியுங்கள். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

ரிவ்யூ முடிந்த அன்று சாயந்தரம் ஒரு வேலையாக வாலாஜாபாத் பஸ் ஏறினேன். ஒரே கூட்டம். முன்னால் முனியம்மா நின்றுகொண்டிருந்தார். வலது கையால் மேல் கம்பியைப் பிடித்திருந்தார். ஒரு காலேஜ் பெண் எழுந்து, "நீங்க உக்காருங்கம்மா" என்றாள்.

"வேணாம்மா, நீ உக்காரு" என்றார் முனியம்மா. "இந்தக் கை இப்பதான் மேல ஏறியிருக்குது. கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும்."